ஈயச்சட்டியும் ஏழு இழைகளும்

(ஒரு பழைய மாணவன்)

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் எழுதிக் கேட்டபோது, எதனை எழுதுவதென்று தெரியாது பல நாள் இருந்தேன். என்னுடன் ஒரே வாங்கிலிருந்து படித்தவர்களுள் மருத்துவரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் உளர். அவர்கள் எழுதத்தக்க பொருள்கள் பல. நானோ வாழ்நாளின் பெரும்பகுதியைச் செப்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றுவதிலும், அக்கம்பியின் நுனிக்கு ஈயம் பூசுவதிலும் கழித்தவன். இதில் மலருக்கேற்ற மணம் யாதுண்டு என்று தயங்கியிருந்த வேளையில், சென்ற முறை கல்லூரிக்கு வந்திருந்தபோது நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது.

பௌதிக ஆய்வுகூடத்திலே இரு மாணவர்கள் சிறு வானொலிப் பெட்டியொன்றை அமைத்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் இளையவன் எனாமல் பூசிய மெல்லிய கம்பியின் நுனியைச் சவர அலகினாற் சுரண்டிக்கொண்டிருந்தான். "தம்பி, இதற்கு ஈயச்சட்டி நல்லது" என்றேன். "சுரண்டினாலும் செம்பு வெளியே தெரியுதுதானே, சேர்? பிறகேன் சட்டி?" என்று அவன் கேட்டான். நேர்மையான கேள்வி. அன்று இரண்டு வாக்கியத்தில் ஏதோ விடை கூறிவிட்டு வந்துவிட்டேன். முழு விடை கூறுவதாயின், இரண்டு பெரியவர்களைப் பற்றியும் நான் சொன்ன பொய்யொன்றைப் பற்றியும் கூறவேண்டும். அதனை இங்கே கூறுகின்றேன்.

எனாமற் கம்பியை நம் மாணவர் யாவரும் அறிவர். மின்மணியிலும் நிலைமாற்றியிலும் மோட்டாரிலும் துவிச்சக்கரவண்டியின் டைனமோவிலும் சுற்றப்பட்டிருப்பது அதுவே. பார்வைக்கு வெறுஞ்செம்பு போலத் தோன்றினும், அதன்மேல் மெல்லிய காவற்பூச்சொன்று உண்டு. மயிரிழை போன்ற கம்பிகளில் அப்பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்களவே. அது இல்லாவிடின் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு, ஆயிரஞ் சுற்றுள்ள சுருளும் வெறுஞ் செப்புக்கட்டி போலாகிவிடும். ஆனால், உடலெங்கும் காவலாய் நிற்கும் அப்பூச்சே கம்பியின் இரு நுனிகளிலும் தடையாகி நிற்கின்றது. பற்றாசு அதன்மேற் பிடியாது. மின்னும் அதனூடு செல்லாது. ஆகவே நுனியில் மட்டும், வேண்டிய அளவுக்கு மட்டும், அதனை நீக்குதல் வேண்டும். சுருள் சுற்றுபவனுடைய தொழிலிற் பாதி இதுவே.

பழைய கம்பிகளின் பூச்சு எண்ணெயும் பிசினும் கலந்து காய்ச்சிய கருங்கபில நிறத்தது. அதனைச் சுரண்டியோ எரித்தோ நீக்குவதன்றி வேறு வழியில்லை. 1937 ஆம் ஆண்டில் செருமனியில் ஓட்டோ பேயர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் பொலியூரித்தேன் என்னும் பொருள்வகையைக் கண்டனர். அது பின்னர் கம்பிப் பூச்சாகவும் பயன்படலாயிற்று. அப்பூச்சுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஏறத்தாழ 370 முதல் 400 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் உருகிய பற்றாசினுள் அதனை அமிழ்த்தினால், சில செக்கன்களில் பூச்சுச் சிதைந்து அகன்றுவிடும். அகன்ற இடத்திலே, காற்றுப்பட்டுக் கறுக்குமுன், பற்றாசு செம்பைப் பற்றிக்கொள்ளும். உரித்தலும் பூசுதலும் ஒரே செயலாக முடிந்துவிடுகின்றன. இதற்கென உருகிய பற்றாசை நிறைத்து வைத்திருக்கும் சிறு கலமே ஈயச்சட்டி.

இச்சட்டியை நான் முதன்முதற் கண்டது 1991 ஆம் ஆண்டில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழக அனுமதி என்று வருமென்று தெரியாது வீட்டிலிருந்தேன். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. 1990 இல் நின்றது நின்றதுதான். பற்றறிகள் வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்தன. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணிச் செலவிட்டோம்; இரவில் ஜாம் போத்தல் விளக்கின் சிறுதிரி வெளிச்சத்திலே படித்தோம். செய்தி கேட்கவேண்டுமாயின் துவிச்சக்கரவண்டியை நிமிர்த்தி நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வரும் மின்னை இருவாயிகளால் ஒருதிசைப்படுத்தி வானொலிப் பெட்டிக்குக் கொடுப்போம். ஒருவர் மிதிக்கப் பத்துப் பேர் கேட்பர். அக்காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அறியாத இளைய மாணவர்களுக்காகக் குறித்துவைக்கின்றேன்.

அவ்வாறான நாளிலே வானொலிப் பெட்டியும் டைனமோவும் திருத்துபவரிடம் வேலைக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டுக்கு அண்மையில் ஓர் ஒழுங்கைக்குள் அத்தகைய பட்டறையொன்று இருந்தது. அதன் உரிமையாளரைச் சிறியவர் பெரியவர் யாவரும் 'அண்ணை' என்றே அழைப்பர். அவர் எட்டாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். ஆயினும் சுருளொன்றைக் கையிலெடுத்து நிறுத்துப் பார்த்தே எத்தனை சுற்று என்று அண்ணளவாகக் கூறிவிடுவார். அவரிடம் நான் கைவேலை பழகச் சேர்ந்தேன்.

அவருடைய ஈயச்சட்டி தடித்த இரும்புக் கிண்ணமொன்று. கீழே சிரட்டைக்கரி அடுப்பு. பற்றாசு கடையில் வாங்கக் கிடையாது. பழைய பெட்டிகளின் தகடுகளைச் சூடாக்கித் தட்டி, உதிரும் ஈயத்துளிகளைச் சேர்த்து உருக்குவோம். மேலே படரும் சாம்பல் நிறக் கசட்டையும் அவர் வீசமாட்டார். அதனுள் சிறிது றொசினைப் போட்டுக் கிளறி, பிரிந்துவரும் ஈயத்தை மீண்டும் கிண்ணத்துள் விடுவார்.

அவர் கற்பித்த முதற் பாடம் இது. "பற்றாசு உருகிவிட்டது என்பதற்காகச் சட்டி ஆயத்தம் என்று நினையாதே, தம்பி." இதன் பொருளைப் பின்னாளிலே நூல்களில் படித்தறிந்தேன். வெள்ளீயம் 60 பங்கும் ஈயம் 40 பங்குமான பற்றாசு 183 பாகையில் இளகத் தொடங்கி, 190 பாகையளவில் முழுதும் நீராகிவிடும். ஆனால் அந்த வெப்பத்தில் எனாமலுக்கு ஒன்றும் நேராது. அதனிலும் ஏறத்தாழ இருமடங்கு பாகைக்குச் சூடேறினாலன்றிப் பூச்சு அகலாது. வெப்பம் போதாத சட்டியிற் கம்பியைத் தோய்த்தால் பூச்சின்மேல் ஈயம் திட்டுத்திட்டாக ஒட்டி, பார்வைக்குப் பூசப்பட்டதுபோலவே மினுங்கும். உள்ளே பற்று இராது. இழுத்தால் ஈயம் உறைபோலக் கழன்று வரும்.

வெப்பமானி அவரிடம் இல்லை. தோய்க்கவேண்டிய கம்பியிலேயே விரலளவு துண்டொன்றை வெட்டி முதலில் அதனைத் தோய்ப்பார். மெல்லிய கம்பியாயின் 'நமசிவாய' என்று மனத்துள் ஒருமுறை நிதானமாகச் சொல்லி முடிக்குமுன் பூச்சு அகன்றுவிடவேண்டும். டைனமோக் கம்பி போலத் தடித்ததாயின் மும்முறை. அதற்குள் அகலாவிடின் சூடு காணாது என்று அடுப்பை ஊதுவார். சட்டியின் முகத்தைத் தகட்டினால் வழித்தவுடனே பொன்னிறமும் நீலமும் ஓடுமாயின் சூடு மிகுந்துவிட்டதென்று கரியை விலக்குவார். கம்பி நுனியை றொசினில் ஒற்றி, சட்டியின் முகத்தை வழித்து, நேர் நிறுத்தாக மெல்ல அமிழ்த்தி, மந்திரம் முடிந்ததும் அதே மெதுவோடு வெளியே எடுப்பார். அமிழ்த்திய அளவுக்கு வெள்ளி போன்ற பூச்சு. அதற்கு மேலே எனாமல் கீறலின்றி அப்படியே இருக்கும்.

நெடுநேரம் வைத்திருத்தலும் ஆகாது. செம்பு உருகும் வெப்பம் 1085 பாகை. ஆதலால் ஈயச்சட்டிக்குள் அதற்கென்ன நேரும் என்று ஒருவர் நினைக்கக்கூடும். உருகாது என்பது உண்மை, ஆனால் கரையும். சர்க்கரை நீரிற் கரைவதுபோல, சூடான வெள்ளீயத்திற் செம்பு கரையும். தடித்த கம்பிக்கு அது பொருட்டன்று. மயிரிழைக் கம்பியோ சில செக்கன்களில் மெலிந்து, தொட்டால் முறியும் நிலைக்கு வந்துவிடும். பல நாட் பயன்படுத்திய சட்டியிலே கரைந்த செம்பு மிகுந்து, பற்றாசு மணல் கலந்ததுபோலக் கரகரப்பாகிவிடுவதும் இதனாலேயே. அப்போது அதனை மாற்றவேண்டும்.

நீரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஒரு மாரிகாலத்தில் ஓட்டுக் கூரையிலிருந்து வழிந்த மழைநீரில் நனைந்திருந்த இடுக்கியை நான் கவனியாது சட்டிக்குள் விட்டேன். துளி நீர் கணத்தில் ஆவியாகி வெடித்தது. என் வலது முன்கையில் மூன்று தழும்புகள் இன்றுமுள்ளன. கண்ணிற் படாதது இறைவன் செயல். அன்று முதல் சட்டிக்குட் செல்லும் எந்தப் பொருளையும் அடுப்பின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றிய பின்னரே விடுவேன்.

இனி, நான் சொன்ன பொய்யைப் பற்றிக் கூறுகின்றேன்.

நம் கல்லூரியிற் பல்லாண்டு கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் தம் வானொலிப் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நானும் அவரிடம் படித்தவன். வேட்டியும் சால்வையும் திருநீறுமாக அவர் வந்து நின்றபோது, என் கையிலிருந்த குறடு என்னை அறியாமலே கீழிறங்கிவிட்டது. அண்ணை அன்று வேறோரிடம் சென்றிருந்தார். மத்திய அலையில் எந்த நிலையமும் வரவில்லை என்பது ஆசிரியரின் குறை. திறந்து பார்த்தேன். பெரைற்றுக் கோலிற் சுற்றியிருந்த சுருளின் ஒரு நுனி அறுந்திருந்தது. சிறு வேலைதான். "நாளைக்கு வாருங்கோ, சேர்" என்றேன்.

அக்கோலிற் சுற்றப்படுவது சாதாரணக் கம்பியன்று. லிற்சு என்று கூறப்படும் பல்லிழைக் கம்பி. தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிழைகளை முறுக்கி, மேலே பட்டுநூல் சுற்றியது. அந்தப் பெட்டியில் ஏழு இழைகள். ஏன் இவ்வாறு செய்கின்றனர்? விரைந்து மாறும் மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியில் நன்கு பாயாது. மேற்புறத்தையே பற்றிச் செல்லும். செக்கனுக்குப் பத்திலட்சம் முறை அலையும் ஓட்டம் செம்பினுள் 0.07 மில்லிமீற்றரளவு ஆழத்துக்கே பெரிதும் புகும். ஆகவே தடித்த ஒரு கம்பியின் நடுச்செம்பு வீணாகின்றது. அதே செம்பை மெல்லிழைகளாக்கி, ஒன்றையொன்று தொடாது காவலிட்டு முறுக்கினால், எல்லா இழையும் பங்கெடுக்கும், தடை குறையும், தொலைநிலையத்தின் மெல்லிய அலையையும் சுருள் பிரித்தெடுக்கும். ஆனால் இப்பயன் ஒரு நிபந்தனைக்குட்பட்டது. நுனியில் ஏழு இழைகளும் ஒன்றுவிடாமற் பற்றாசிற் சேரவேண்டும்.

நான் அன்று சட்டியை மூட்டவில்லை. ஒரு நுனிக்காகக் கரி செலவிடுவதேன் என்று எண்ணிச் சவர அலகை எடுத்தேன். சுரண்டும்போது ஓரிழை முறிந்தது. மீண்டும் சுரண்ட, இன்னும் இரண்டு முறிந்தன. எஞ்சிய நான்கையும் முறுக்கி, மேலே தாராளமாகப் பற்றாசை இட்டேன். முறிந்த மூன்றும் அந்த உருண்டையின் அடியில் மறைந்தன. பெட்டி பாடியது. ஆசிரியர் மகிழ்ந்து வாங்கிச் சென்றார்.

நான்கு நாட்களின் பின் மீண்டும் வந்தார். "தம்பி, நீர் திருத்தித் தந்த பெட்டி பாடுது. ஆனால் திருச்சி முன்போலத் தெளிவாய் வரவில்லை. பக்கத்து நிலையமும் வந்து கலக்குது" என்றார். குறை எங்கேயென்று எனக்கு உடனே தெரிந்தது. ஆயினும், "பெட்டி பழசு, சேர். டைனமோவின் மின்னும் காணாது. கொஞ்சம் வேகமாய் மிதிச்சால் வரும்" என்று கூறிவிட்டேன். கேட்டவர் பௌதிகம் கற்பித்தவரல்லர், மொழியாசிரியர். தம் மாணவன் சொல்வதை நம்பி, தலையசைத்துச் சென்றார்.

ஒரு வாரம் கழிந்தது. ஒரு மாலை அவர் வீட்டுவழியே சென்றபோது வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் நிறுத்தியிருந்த துவிச்சக்கரவண்டியில் அவருடைய பேரன், பத்து வயதிருக்கும், இருக்கையில் அமரக் கால் எட்டாமையால் எழுந்து நின்றவாறே மிதித்துக்கொண்டிருந்தான். சட்டை வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. திண்ணையில் ஆசிரியர் பெட்டியின்மேற் குனிந்து காதை வைத்திருந்தார். "இன்னும் கொஞ்சம், ராசா, வேகமாய் மிதித்தால் வருமாம்" என்றார். பிள்ளை மூச்சு வாங்க வாங்க மேலும் வேகமாக மிதித்தான். எத்தனை வேகமாக மிதித்தாலும் முறிந்த இழைகள் ஒட்டப்போவதில்லை என்பதை அறிந்தவன் அவ்விடத்தில் நான் ஒருவனே. ஆயினும் உள்ளே செல்லாது போய்விட்டேன்.

மறுநாள் ஆசிரியர் பெட்டியைக் கொண்டுவந்தபோது அண்ணை இருந்தார். அவர் பெட்டியைத் திறந்து, கடிகாரந் திருத்துபவர் கண்ணில் வைக்கும் வில்லையினால் அந்த ஈயவுருண்டையை உற்று நோக்கினார். ஆசிரியர் சென்ற பின் என்னை அழைத்தார்.

"இதிலே எத்தனை இழை?"

"ஏழு, அண்ணை."

"ஈயத்துக்குள்ளே எத்தனை?"

நான் பேசவில்லை. அவர் ஏசவுமில்லை. அடுப்பிற் கரியை இட்டு மூட்டினார். சுருளில் ஒரு சுற்றை அவிழ்த்துப் புதுநுனி எடுக்கச் சொன்னார். பட்டுநூலைப் பின்தள்ளச் சொன்னார். துண்டுக் கம்பியைத் தோய்த்துச் சூடு பார்க்கச் செய்தார். பின்னர் நானே தோய்த்தேன். 'நமசிவாய' என்று ஒருமுறை. வெளியே எடுத்தபோது நுனி ஒரே வெள்ளி ஊசிபோல இருந்தது. வில்லையினாற் பார்த்தேன். ஏழு இழைகளும் முழுமையாய் ஒன்றாகி நின்றன. ஓரிழையும் முறியவில்லை, ஓரிழையும் தனித்து நிற்கவில்லை. ஒரு சுற்றுக் குறைந்ததற்கு ஈடாகச் சுருளைக் கோலின்மேற் சிறிது நகர்த்திவைத்தோம்.

"இனி நீ போய்க் கொடு. சொல்ல வேண்டியதையும் சொல்லு" என்றார் அண்ணை.

ஆசிரியரின் திண்ணையில் நின்று நடந்ததைக் கூறினேன். அவர் சிறிது நேரம் சும்மா இருந்தார். "இழை முறிந்தது பிழையல்ல, தம்பி. பழகிறவன் கையிலே முறியும்தானே. தெரிந்தும் மூடினீர், அது பிழை" என்றார். நான் மன்னிக்குமாறு வேண்டினேன். "என்னிடம் ஏன் கேட்கிறீர்? மிதித்தவன் அவன்" என்று பேரனைக் காட்டினார்.

பத்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எத்துணைக் கடினமென்று அன்று அறிந்தேன். கேட்டேன். அவன் வெட்கத்தோடு சிரித்துவிட்டு வண்டியில் ஏறி, மெதுவாக மிதிக்கத் தொடங்கினான். சற்று நேரத்திற் கடலுக்கு அப்பாலிருந்து நாதசுர ஓசை தெளிவாக வந்தது. ஆசிரியர் கண்களை மூடிக்கொண்டார்.

என் கதை இவ்வளவோடு முடிந்திருப்பின் நன்றாயிருக்கும். ஆனால் அந்தச் சட்டியில் மறைந்திருந்த இன்னொன்றை அண்ணையும் காணவில்லை, நானும் காணவில்லை.

பெரும்பாலும் இரவிலேயே சட்டி வேலை நடக்கும். வானூர்திகளுக்கு வெளிச்சம் தெரியாதிருக்க யன்னல்களை மூடி, இடுக்குகளுக்குச் சாக்குத் திணித்திருப்போம். எனாமல் சிதையும்போதும் றொசின் எரியும்போதும் எழும் வெண்புகை வெளியே செல்ல வழியின்றி அறைக்குள்ளேயே நிற்கும். அண்ணை சட்டியின்மேற் குனிந்து நிற்பார். அவருக்குத் தொய்வு இருந்தது. இரவில் வீடு சென்ற பின் நெடுநேரம் எழுந்திருந்து மூச்சுக்குத் தவிப்பார் என்று அவர் மனைவியார் கூறுவார். நல்லூர்த் திருவிழாவின் கடைசிப் பத்து நாளும் அவர் பட்டறையைப் பூட்டிவிட்டு விரதம் இருப்பார். அந்நாட்களில் தொய்வு தணிந்துவிடும். "எல்லாம் கந்தன் கருணை" என்பார். திருவிழா முடிந்து சட்டியை மூட்டிய சில நாட்களில் மீண்டும் தொடங்கும். "விரதம் முடிந்தது, அவனும் கையை விட்டான்" என்று சிரிப்பார்.

1994 இல் நான் கிளாலிக் கடலேரியைப் படகிற் கடந்து ஊரை விட்டுச் சென்றேன். சில ஆண்டுகளின் பின் இங்கிலாந்திற் சுருள் சுற்றும் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்தது. அங்கே ஈயச்சட்டி மின்னாற் சூடேறுவது. வெப்பம் எண்ணில் தெரியும். சட்டியின் விளிம்பிலேயே புகையை இழுத்துச் செல்லும் குழாய் இருந்தது. முதல் நாள் எனக்கு வேலை தரவில்லை. தாதியொருவர் ஒரு கருவியைத் தந்து, இயன்ற மட்டும் பலமாக ஊதுமாறு கூறினார். பின்னர், "இரவில் இருமல் உண்டா? விடுமுறை நாளில் மூச்சுத்திணறல் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மீள்வதுண்டா?" என்று கேட்டார். எனக்கு அவ்வாறு இல்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த கணத்தில் நல்லூர்த் திருவிழா என் கண்முன் வந்து நின்றது.

பொலியூரித்தேன் சிதையும்போது ஐசோசயனேற்று என்னும் வகைப் பொருள்கள் புகையிற் கலக்கின்றன. 1984 இற் போபால் நகரில் வெளிப்பட்டு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயு இக்குடும்பத்தைச் சேர்ந்த மெதைல் ஐசோசயனேற்று. சட்டியில் எழுவன அதே பொருளல்ல. அளவும் மிகச் சிறிது. எனினும் அச்சிறு அளவே நாட்செல்லச் செல்லச் சிலருடைய மூச்சுக்குழாய்களைக் கூருணர்வுள்ளனவாக்கி, தொய்வை உண்டாக்கவல்லது. றொசின் புகைக்கும் இத்தீங்கு உண்டு. வேலை நாளில் வருவதும் ஓய்வு நாளில் தணிவதும் இந்நோயை இனங்காட்டும் குறிகள். அண்ணையின் தொய்வு இதனாலேயே வந்ததென்று எந்த மருத்துவரும் சோதித்துக் கூறவில்லை. ஆதலின் நானும் அறுதியிட்டுக் கூறேன். அந்தப் புகை அவருக்கு நன்மை செய்யவில்லை என்பது மட்டும் உறுதி. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி நகர் முழுதும் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவில், அவர் பத்தடிக்கு ஒருமுறை குந்தியிருந்து மூச்செடுத்து நடந்தாராம். 1998 இற் காலமானார் என்று கடிதம் வந்தது. அவருக்கு அறிவிக்கவேண்டிய செய்தி என்னிடம் இருந்தது, அறிவிக்கப் பிந்திவிட்டேன்.

ஆதலின் ஆய்வுகூடத்தில் என்னைக் கேள்வி கேட்ட தம்பிக்கும் அவனையொத்த மாணவர்க்கும் என் விடை இதுவாகும். தடித்த ஒற்றைக் கம்பியைச் சுரண்டலாம், தவறில்லை. மோட்டார்களிற் சுற்றும் பொலியேமைட்டு-இமைட்டுப் பூச்சு போன்ற சில பூச்சுகள் ஈயச்சட்டிக்கு இணங்கா. அவற்றைச் சுரண்டத்தான் வேண்டும். ஆனால் மெல்லிழைகளுக்கும் பல்லிழைக் கம்பிக்கும் சட்டியே தகுந்தது. தோய்க்குமுன் துண்டுக் கம்பியாற் சூடு பாருங்கள். தோய்த்தபின் இழைகளை எண்ணிப் பாருங்கள். ஈயம் மினுங்குவதைக் கண்டு நிறைவு கொள்ளற்க. நனைந்த எதனையும் சட்டிக்கு அருகே கொண்டுசெல்லற்க. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள். ஈயம் கலந்த பற்றாசைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடற்க. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2006 யூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுக் கருவிகளில் ஈயப் பற்றாசு விலக்கப்பட்டுள்ளது. வெள்ளீயமும் சிறிது செம்பும் சேர்ந்த பற்றாசு 227 பாகையில் உருகும். அதனைச் சட்டியிலும் பயன்படுத்தலாம். ஆனால் ஈயம் இல்லை என்பதனாற் புகைக்கு அஞ்சவேண்டியதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். புகை எழுவது பற்றாசிலிருந்தன்று, எனாமலிலிருந்தும் றொசினிலிருந்தும். எல்லாவற்றுக்கும் முதலாக, புகையை வெளியே இழுக்கும் விசிறி சுழல்கின்றதா, யன்னல் திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். அண்ணைக்கும் எனக்கும் அதனைத் திறக்க இயலாத காலம் இருந்தது. உங்களுக்கு அத்தடை இல்லை.

வெப்பங் காட்டும் சிறு சட்டியொன்றையும் புகையிழுக்கும் விசிறியொன்றையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கின்றேன். பழைய மாணவன் ஒருவனது எளிய காணிக்கையாக அவற்றை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். அவற்றின்மேல் என் பெயரைப் பொறிக்கவேண்டாமென்று அதிபரைக் கேட்டுள்ளேன். பொறிப்பதாயின் பொறிக்கத்தக்க பெயர் வேறொருவருடையது. அவர் இக்கல்லூரியிற் படித்தவரல்லர் எனினும், இக்கல்லூரி மாணவன் ஒருவனுக்கு எண்ணிப் பார்க்கக் கற்பித்தவர்.

மிதித்த பேரனும் பின்னர் நம் கல்லூரியிலேயே படித்துத் தேறினார் என்று அறிகின்றேன். இம்மலர் அவர் கையையும் சேரும் என நம்புகின்றேன். முறிந்த மூன்று இழைகளை நான் மறக்கவில்லை என்று அவர் அறிதல் வேண்டும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.